நாலு பேருக்கு ஒரு வண்டி

என் வீட்டுக்காரர் ஒரு பொருள் வாங்கக் கிளம்பினால் கடைக்காரருக்குச் சனி பிடித்தது என்று அர்த்தம். குடை வாங்கப் போனால் கடையில் உள்ள அத்தனை குடைகளையும் விரித்துப் பார்ப்பார், கம்பியை எண்ணுவார், கடைசியில் மழைக்காலம் வரட்டும் என்று வெறுங்கையோடு திரும்பி வருவார். கோவில்பட்டியில் ஒரு நூற்பு மில்லில் ஃபிட்டர் வேலை. எதைப் பார்த்தாலும் எங்கே தேயும், எங்கே உடையும் என்றுதான் அவருக்கு முதலில் தோன்றும். அப்படிப்பட்டவர் வண்டி வாங்கப் போகிறேன் என்று சொன்னபோது, இது நடக்கிற காரியமா என்று சிரித்தேன்.

அதுவரை எங்களுக்குச் சைக்கிள் போதுமானதாக இருந்தது. கல்யாணமாகி எட்டு வருடம் ஆகியும் பிள்ளை இல்லை. இரண்டு பேருக்கு எதற்கு மோட்டார்? நான் கேரியரில் ஒருக்களித்து உட்காருவேன், அவர் மிதிப்பார். விசேஷ வீடுகளுக்குப் போனால் எங்களைப் பார்த்ததும் பேச்சை நிறுத்துகிறவர்களும், நிறுத்தாமல் கேட்டே விடுகிறவர்களும் இருந்தார்கள். நான் விசேஷங்களுக்குப் போவதையே குறைத்துக்கொண்டேன். வீட்டில் தையல் மிஷின் இருந்தது. ரவிக்கை தைத்தே பொழுதை ஓட்டினேன்.

தொண்ணூறுகளின் கடைசியில் என் அக்கா பம்பாயில் இறந்து போனாள். மஞ்சள் காமாலை. சாதாரணக் காய்ச்சல் என்று நினைத்து விட்டுவிட்டார்கள். அத்தான் அங்கே ஒரு சின்ன இட்லிக் கடை வைத்திருந்தார். விடியும் முன்னால் கடை திறக்க வேண்டும், இரவில்தான் திரும்ப முடியும். ஊரில் வந்து காரியமெல்லாம் முடித்த பிறகு, இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். மூத்தவளுக்கு ஆறு வயது. சின்னவன் அப்போதுதான் சுவரைப் பிடித்து நடக்கிறான்.

"என்னால ஏலலை தம்பி. நீங்களே வச்சு வளத்துக்கிடுங்க" என்று இவர் கையைப் பிடித்துக்கொண்டு அத்தான் அழுதார்.

அந்த ஒரு வாக்கியத்தை இவர் பத்திரம் மாதிரி பிடித்துக்கொண்டார். அழுதுகொண்டே சொன்ன வார்த்தையை நம்பாதீர்கள், நாளைக்கே வந்து கேட்டால் கொடுத்துத்தான் ஆகவேண்டும் என்று நான் சொன்னால் காதில் வாங்கமாட்டார். "அவிய வாயால சொன்னாகளா இல்லையா?" என்பார். சொல்கிற நான் மட்டும் என்ன யோக்கியம்? சின்னவன் என்னை அம்மா என்று கூப்பிட ஆரம்பித்த அன்றைக்கு அவனைத் திருத்தாமல் அடுப்படிக்குள் போய் நின்றுகொண்டேன். மூத்தவள் கடைசிவரைக்கும் சித்தி என்றுதான் கூப்பிட்டாள். அவளுக்கு அவள் அம்மாவைத் தெரியும்.

பிள்ளைகள் வந்தபின் சைக்கிளில் எனக்கு இடமில்லாமல் போயிற்று. முன்னால் பாரில் ஒரு குட்டி சீட் மாட்டி அதில் சின்னவன், பின்னால் கேரியரில் பெரியவள். நான் நடந்து வரவேண்டும். பங்குனித் திருவிழாவுக்குப் போனபோது கூட்டத்தில் அவர்கள் மூன்று பேரும் மணியடித்துக்கொண்டு முன்னால் போய்விட்டார்கள். நான் செருப்பு அறுந்து பின்னால் தத்தித் தத்தி வந்தேன். வீட்டுக்கு வந்ததும் வெடித்தேன்.

"நீங்க மூணு பேரும் ஒரு குடும்பம், நான் என்ன உங்களுக்குப் பின்னால வார வேலைக்காரியா?"

இவர் மறுநாள் காலையில் பல் தேய்த்துக்கொண்டே, "நாலு பேரு போற மாதிரி ஒரு வண்டி பாக்கணும்" என்றார்.

புது வண்டிக்கு எங்களிடம் வழியில்லை. பழைய வண்டிகளை வாங்கி விற்கிற ஆட்டோ கன்சல்டிங் ஒன்று எட்டயபுரம் ரோட்டில் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை தோறும் பிள்ளைகளுக்குத் தலைசீவிப் பவுடர் போட்டு, நாலு பேரும் பெண் பார்க்கப் போகிற மாதிரி அங்கே போனோம். ஒவ்வொரு வண்டியிலும் எங்களை ஏற்றி உட்காரவைத்துப் பார்ப்பார். ஓட்டிப் பார்ப்பதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

மொபெட் விலைக்குத் தோதாக இருந்தது. சின்னவன் முன்னால் நின்றுகொள்ளலாம். ஆனால் நாலு பேர் ஏறினால் ஒரு பாலம் ஏறுவதற்குள் முனகி நின்றுவிடும், இறங்கித் தள்ளவேண்டும். அடுத்தது ஸ்கூட்டர். எனக்கு அதுதான் பிடித்தது. முன்னால் பிள்ளை நிற்க நல்ல இடம், காலுக்குப் பாதுகாப்பு, காய்கறி வைக்கப் பெட்டி. இவர் உதட்டைப் பிதுக்கினார். இவருடைய அம்மா இருந்த கிராமம் விளாத்திகுளத்துக்கு அங்கிட்டு, மெயின் ரோட்டிலிருந்து இறங்கிக் கரிசல் காட்டுக்குள் போகவேண்டும். மழை பெய்தால் அந்த மண் பசை போல ஒட்டும். ஸ்கூட்டரின் சின்னச் சக்கரம் அதற்குள் இறங்கினால் பிள்ளைகளோடு சாயவேண்டியதுதான் என்றார்.

கடைசியாக ஒரு மோட்டார் சைக்கிள். கறுப்பு வண்டி, சீட் மட்டும் நல்ல நீளம். அன்றைக்குச் சட்டைப்பையிலிருந்து ஒரு சாக்பீஸ் எடுத்தார். பெரியவளை நடுவில் உட்காரவைத்து, அவள் பாதம் தொங்குகிற இடத்தில் ஒரு கோடு போட்டார். அதற்குக் கீழே இன்னொரு கோடு. அதற்கும் கீழே ஒன்று.

"இது இப்ப. ரெண்டு வருசத்துல கால் இங்கன வரும். நாலு வருசத்துல இங்கன. சைலன்சர் அந்தப் பக்கம் தள்ளித்தான் இருக்கு, சுடாது" என்றார்.

கன்சல்டிங்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "அண்ணாச்சி, வண்டி வாங்க வந்தீகளா, புள்ளைக்குக் கட்டில் அளவெடுக்க வந்தீகளா? சின்னப் புள்ளைகளுக்கு மொபெட்டு போதும். வளந்த பொறவு இதைக் குடுத்துட்டு வேற எடுத்துக்கிடுங்க."

"மாத்தி மாத்தி வாங்க நான் என்ன மில் முதலாளியா? இவளுக்கு மாப்பிள்ளை பாக்கப் போறதும் இந்த வண்டியிலதான்."

நான் அவர் முதுகில் கிள்ளினேன். எங்கள் பக்கத்தில் பிள்ளைகளுக்குச் சட்டை எடுத்தால் இரண்டு அளவு பெரிதாகத்தான் எடுப்போம், வளருகிற பிள்ளை என்று. இவர் வண்டியையே அப்படி எடுக்கிறார். நாலு வருடம், கல்யாணம் என்று அவர் சொல்லச் சொல்ல எனக்குப் பயமாக இருந்தது. கேட்க ஆசையாகவும் இருந்தது.

அந்த வண்டியையே வாங்கினோம். பின்னால் சேலை சிக்காமல் இருக்க ஒரு வலைக்கம்பி, நான் கால் வைக்க ஒரு பலகை, எல்லாம் அவரே பொருத்தினார். ஒரே ஒரு சிக்கல், எங்கள் ஊர் வெயிலில் பெட்ரோல் டேங்க் தோசைக்கல்லாகக் காய்ந்துவிடும். சின்னவன் உட்காருகிற இடமே அதுதான். ரவிக்கைத் துணி மிச்சத்தையெல்லாம் சேர்த்து, உள்ளே பஞ்சு வைத்து, டேங்குக்கு ஒரு மெத்தை தைத்தேன். பச்சை, சிவப்பு, ஜரிகை என்று கோவில் யானை மாதிரி இருந்தது வண்டி. மில் வாசலில் எல்லோரும் கேலி செய்தார்களாம். இவர் அதைக் கழற்றவே இல்லை.

அதன்பின் வந்த ஞாயிற்றுக்கிழமைகளை நான் எப்படிச் சொல்ல? டேங்கில் சின்னவன், அவனை அணைத்தாற்போல் இவர், நடுவில் பெரியவள், கடைசியில் நான். நான்கு பேரையும் ஏற்றிக்கொண்டு போவது தப்பு என்று தெரியும். ஊரே அப்படித்தான் போனது. கதிரேசன் மலைக்குப் போவோம். கடலைமிட்டாய் வாங்கிக் கொறித்துக்கொண்டு எட்டயபுரம் ரோட்டில் சும்மா ஒரு சுற்றுச் சுற்றுவோம். இவர் மாட்டுவண்டிக்கும் வழிவிடுகிறவர். பஸ்ஸில் போகிறவர்கள் எல்லாம் எங்களை எட்டிப் பார்ப்பார்கள். எட்டு வருடமாக யார் கண்ணிலும் படாமல் இருந்தவள், இப்போது எல்லோரும் பார்க்கட்டும் என்று தலையில் பூ வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

ஐப்பசியில் ஒருநாள் அவர் அம்மாவைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது காட்டுக்குள் மழை பிடித்துக்கொண்டது. சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் நடுவில் கரிசல் மண் அப்பி, வண்டி நகரவே இல்லை. இவர் காய்ந்த பருத்திச்செடிக் குச்சியால் மண்ணை நோண்டி நோண்டி எடுக்க, பிள்ளைகள் இரண்டும் சேற்றில் இறங்கி நடந்தார்கள். நடக்க நடக்க மண் உள்ளங்காலில் அடுக்கடுக்காக ஒட்டிக்கொண்டே வந்தது. "சித்தி, நான் வளந்துட்டேன் பாருங்க!" என்று பெரியவள் கத்தினாள். அவள் அம்மா போன பிறகு அப்படி அவள் சிரித்து நான் கேட்டதில்லை. இவர் முகமெல்லாம் சேறு. "வண்டி எப்படி? ஸ்கூட்டரா இருந்தா என்ன ஆகியிருக்கும்?" என்று அப்போதும் கேட்டார்.

பொங்கலுக்கு முந்தின வாரம் வண்டியை எங்கேயோ விட்டுவிட்டுச் சாயங்காலம் கொண்டுவந்தார். முன்விளக்குக்கு மேலே மஞ்சள் ரேடியம் ஸ்டிக்கரில் இரண்டு பிள்ளைகளின் பெயரும் வெட்டி ஒட்டியிருந்தது. எங்கள் ஊரில் ஆட்டோவோ, லாரியோ, பைக்கோ, எதிரே வருகிற வண்டியில் பெயர் இருந்தால் அது வண்டிக்காரனுடைய பிள்ளைகளின் பெயர். கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை.

"என்ன இது?" என்றேன்.

"எல்லாரும்தான் ஒட்டுதாங்க. நான் ஒட்டக் கூடாதா?"

எட்டு வருடம் அடுத்தவர் வண்டியில் பிள்ளைகள் பெயரைப் படித்துப் படித்து வந்த மனிதர். பெட்ரோல் போடுகிற இடத்தில் "பிள்ளைக பேரா அண்ணாச்சி?" என்று கேட்டால் "ஆமா" என்பாராம். அந்த ஒரு "ஆமா"வுக்காகவே அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாகப் பெட்ரோல் போட்டாரோ என்று எனக்குச் சந்தேகம். நான் ஈரத்துணியால் அந்த எழுத்துக்களைத் துடைத்துப் பொட்டு வைத்தேன்.

சித்திரையில் அத்தான் வந்தார். எஸ்.டி.டி. பூத்துக்குப் போன் செய்தபோது, பிள்ளைகளைப் பார்த்துவிட்டு நாலு நாளில் திரும்பிவிடுவேன் என்றுதான் சொல்லியிருந்தார். பிள்ளைகளுக்குத் துணிமணி, எனக்கு ஒரு சேலை, இவருக்கு ஒரு வாட்ச் கொண்டுவந்திருந்தார். அவரை ஸ்டேஷனிலிருந்து கூட்டிவர இவர் வண்டியில்தான் போனார். போகுமுன் வண்டியைத் துடைத்துப் பளபளவென்று வைத்துக்கொண்டு போனார். சகலைக்குப் பெருமையாகக் காட்ட வேண்டுமே!

அத்தான் வண்டிக்கு முன்னால் பையோடு நின்றவர், ஏறாமல் வெகுநேரம் நின்றாராம். இவர் அதையும் தப்பாகப் புரிந்துகொண்டு, "நல்லாயிருக்கா அண்ணாச்சி?" என்று கேட்டாராம். வாசலில் வண்டிச் சத்தம் கேட்டதும் சின்னவன் "அப்பா" என்று ஓடிப்போய், இறங்கி நின்ற அத்தானைத் தாண்டி, இவர் காலைக் கட்டிக்கொண்டான்.

மறுநாள் காலையில் காபி குடித்துக்கொண்டே அத்தான் சொன்னார்.

"ஏம்மா, இந்த லீவுலயே பிள்ளைகளைக் கூட்டிட்டுப் போறேன். எங்க பெரியக்கா எங்கூட வந்து இருக்கா. பாத்துக்கிடுவா."

எனக்கு வந்த ஆத்திரத்தில் டம்ளரைத் தூக்கி எறியாததுதான் மிச்சம். "ரெண்டு வருசமா எங்க போயிருந்தீக? ராத்திரி பகலா தூக்கிச் சுமந்தது யாரு? சோறூட்டுனது யாரு?"

"நீதாம்மா. நான் இல்லைன்னு சொல்லலையே." அவர் குரல் உயரவே இல்லை. "விட்டுட்டுப் போகணும்னுதான் வந்தேன். தம்பி வண்டியில எம் புள்ளைக பேரைப் பாத்தேன். எனக்குன்னு இதுக ரெண்டுதான இருக்கு? இன்னும் ஒரு வருசம் விட்டா, இதுகளுக்கு நான் யாரோ."

அவர் கெட்டவராக இருந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும். மண்ணை வாரித் தூற்றியாவது மனதை ஆற்றியிருப்பேன். என் அக்கா புருஷன், பெண்டாட்டியைப் பறிகொடுத்த மனிதர், பெற்ற பிள்ளையைக் கேட்கிறார்.

இவர் எழுந்து வெளியே போனார். பிளேடும் மண்ணெண்ணெய்த் துணியுமாக வண்டிக்கு முன்னால் குத்த வைத்து, பெயர்களைச் சுரண்ட ஆரம்பித்தார். விரலில் வெட்டி ரத்தம் வந்தது. நான் தடுத்தும் கேட்கவில்லை. முழுதும் சுரண்டி எடுத்துவிட்டு அத்தானைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்து காட்டினார்.

"எடுத்துட்டேன் அண்ணாச்சி. அறியாம ஒட்டிட்டேன். இப்பப் பாருங்க, ஒண்ணும் இல்ல. அவன் பள்ளிக்கூடம் சேருத வரைக்குமாவது இருக்கட்டும்."

பிளேடு சுரண்டிய இடமெல்லாம் அதே எழுத்துகளின் வடிவில் பெயின்ட் போயிருந்தது. நன்றாகவே படிக்க முடிந்தது. அத்தான் துண்டை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். ஆனால் சரி என்று சொல்லவில்லை.

பம்பாய் வண்டி காலையில் வரும். நாங்கள் ஸ்டேஷனுக்கு வந்தால் சின்னவன் ஏறமாட்டான், வீட்டிலேயே இருந்துகொள்ளுங்கள் என்று அத்தான் கேட்டுக்கொண்டார். அதுவும் நியாயம்தான். ஆட்டோவில் ஏற்றும்போதே அவன் டேங்க் மெத்தையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. கடைசியில் இவர் குனிந்து அவன் காதில் சொன்னார்.

"ஏலே, நீ ரயில்ல வா. நானும் அம்மாவும் பைக்குல வந்து, ஊர் தாண்டி ரயில்வே கேட்டுக்கிட்ட நின்னு கை காட்டுதோம். ஜன்னல்ல பாத்துக்கிட்டே வரணும், என்ன?"

அதை நம்பித்தான் அவன் கையை விட்டான். பெரியவள் என் இடுப்பைக் கட்டிக்கொண்டு நின்றாள், பிறகு தானாகவே விலகிப் போய் ஆட்டோவில் ஏறினாள்.

ஆட்டோ திரும்பியதும் நாங்கள் கிளம்பினோம். வாழ்க்கையில் அன்றைக்குத்தான் அவர் வண்டியை விரட்டி ஓட்டினார். ஊருக்கு வடக்கே காட்டுப்பாதையில் ஒரு ரயில்வே கேட். நாங்கள் போனபோது கேட் அடைத்திருந்தது. கோடையில் வெடித்துக் கிடந்த கரிசல் காடு, தண்டவாளம், எங்களைத் தவிர ஒருவரும் இல்லை. வண்டி நன்றாகத் தெரியவேண்டும் என்று மெத்தை தெரிகிற மாதிரி திருப்பி நிறுத்தினார். தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டார்.

ரயில் வந்தது. அவர் துண்டை ஆட்டிக்கொண்டே குதித்தார். நான் பெயரைச் சொல்லிக் கத்தினேன். பெட்டி பெட்டியாகப் போயிற்று. முன்பின் தெரியாத யார் யாருடைய பிள்ளைகளெல்லாமோ எங்களைப் பார்த்துக் கை காட்டினார்கள். எங்கள் பிள்ளைகள் இல்லை. கடைசிப் பெட்டியும் போய், கேட் திறந்தபின்தான், "அந்தப் பக்கம் உக்காந்திருப்பாகளோ" என்றார் இவர். எந்தப் பக்கத்து ஜன்னல் என்று கேட்டு வைத்துக்கொள்ள எங்கள் இருவருக்குமே தோன்றவில்லை. எங்கே எது தேயும் என்று பார்த்துப் பார்த்துச் செய்கிற மனிதருக்கு அன்றைக்கு அது தோன்றவில்லை.

அந்த வண்டியில் அதற்குப் பிறகு நாங்கள் எங்கேயும் சேர்ந்து போகவில்லை. ஆடி மாதம் கன்சல்டிங்கில் கொண்டுபோய் விட்டுவிட்டு நடந்து வந்தார். கன்சல்டிங்காரர் ஏன் என்று கேட்டிருக்கிறார். புள்ளைக ஊருக்குப் போயிட்டாங்க என்று சொல்லியிருக்கிறார்.

பல வருடம் கழித்து, அவர்கள் ஊர்க் கோவில் கொடைவிழாவுக்கு அத்தான் பிள்ளைகளோடு வந்தார். போகிற வழியில் எங்கள் வீட்டிலும் ஒரு நாள் தங்கினார்கள். பெரியவள் அக்காவைப் போலவே வளர்ந்திருந்தாள். என்னோடு அடுப்படியில் நின்று வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவள் சொன்னாள்.

"சித்தி, அன்னைக்கு நீங்க கேட்டுக்கு வரவே இல்ல. இவன் சாத்தூர் வரைக்கும் ஜன்னல் கம்பியை விடாம அழுதான். எதிர்ல பைக் வந்தா எல்லாம் நீங்கதான்னு கத்துனான்."

"வந்தோம்டி. ரயிலுக்குக் கிழக்க நின்னோம். சித்தப்பா துண்டை எல்லாம் ஆட்டுனாக."

அவள் கத்தியைக் கீழே வைத்தாள். "நாங்க மேற்கத்தி ஜன்னல்ல உக்காந்திருந்தோம்" என்றாள்.

கூடத்தில் இவருக்கு எதிரே உட்கார்ந்து எங்கள் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்த சின்னவன் நிமிர்ந்து பார்த்தான். நல்ல பையன், மரியாதை தெரிந்த பையன். மீசை அரும்ப இன்னும் நாள் இருக்கிறது. இவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே கேட்டான்.

"யாரு அழுதது, நானா? அங்கிள், உங்ககிட்ட அப்ப பைக் இருந்துச்சா?"

"இருந்துச்சுப்பா" என்றார் இவர்.

அவன் மேல் ஒரு குற்றமும் இல்லை. மூன்று வயதில் நடந்தது யாருக்கு நினைவிருக்கும்? ஆனாலும் அங்கிள் என்ற அந்த ஒரு வார்த்தைக்கு அடுப்படியில் நின்று நான் அழுத மாதிரி, ரயில் போன அன்றைக்குக்கூட அழவில்லை.